சைலன்சரை மாற்றினால் புகைச் சோதனையில் தேறுமா?

கேள்வி:

தூத்துக்குடியில் இருக்கிறேன். 2011 மாடல் மாருதி ஆல்டோ, 796 சிசி, பெட்ரோல். இங்கேயே வாங்கி இங்கேயே ஓட்டும் வண்டி. 15 வருஷம் முடிவதால் ஆர்.சி. புதுப்பிக்கப் புகைச் சான்று எடுக்கப் போனேன். ஃபெயில். கார்பன் மோனாக்சைடு 2.38, ஹைட்ரோகார்பன் 610 என்று வந்தது. ஒன்றரை வருஷத்துக்கு முன் எடுத்தபோது கார்பன் மோனாக்சைடு 0.31-தான்.

பின்பக்க சைலன்சரில் ஓட்டை. எம்-சீல் வைத்து அடைத்தேன், இரண்டு நாள்கூட நிற்கவில்லை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் முன்னால் டிக் டிக் என்று ஒரு சத்தம் வரும், வண்டி சூடானதும் நின்றுவிடும். மெக்கானிக் அண்ணாச்சி அது டேப்பெட் (எஞ்சின் வால்வைத் தள்ளும் பாகம்) சத்தம் என்கிறார். போன கோடையில் எஞ்சின் சூடாகிறது என்று அவரிடம் விட்டபோது ரேடியேட்டர் ஃபேனை டைரக்ட் பண்ணி, ஏதோ ஒரு வால்வையும் கழற்றினார்; அதற்குப் பிறகு சூடு பிரச்சினை இல்லை, மைலேஜ்தான் 17-லிருந்து 13 ஆகிவிட்டது. தினமும் ஆபீசுக்கு 3 கிலோமீட்டர், ஞாயிற்றுக்கிழமை அம்மாவை அழைத்துக்கொண்டு திருச்செந்தூர். பின்சீட்டில் புகை வாடை வருகிறது, தலை வலிக்கிறது என்கிறார் அம்மா.

இப்போது அண்ணாச்சி, முழு சைலன்சரையும் மாற்றி, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் இருப்பதைத் தட்டி எடுத்துவிட்டால் வண்டி ஃப்ரீயாகும், தேறிவிடும் என்கிறார். புகைச் சோதனைக் கூடத்திலோ கூடுதலாகக் கொடுத்தால் சான்று தருகிறோம் என்கிறார்கள். என்ன செய்யட்டும்?

பதில்:

முதலில் அம்மா விஷயம். சைலன்சர் ஓட்டையை அடைக்கும்வரை அவரைப் பின்சீட்டில் உட்காரவைத்துத் திருச்செந்தூர் போக வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. அவருக்கு வருவது கூடவே வரும் மற்றப் புகையின் வாடை. வாடை உள்ளே வருகிறது என்றால் அதுவும் உள்ளே வருகிறது என்று அர்த்தம். தலைவலி அதன் முதல் அறிகுறிகளில் ஒன்று. ஓடுகிற காரின் பின்புறத்தில் காற்றழுத்தம் குறைவாக இருக்கும். அதனால் பின்னால் கசியும் புகை, டிக்கி ரப்பர் பீடிங்கில் ஒரு கிழிசலோ தரைத்தகட்டில் துருப்பிடித்த ஒரு துளையோ இருந்தால் அந்த வழியாக உள்ளே இழுக்கப்படும். தவிர்க்க முடியாமல் ஓட்டினால் முன் கண்ணாடிகளை இறக்கிவிட்டு, குறைந்த தூரம் ஓட்டுங்கள். ஏ.சி. போட்டு வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு உள்ளே உட்காரவே கூடாது.

இனி சோதனை எண்கள். சைலன்சரை மாற்றியே ஆக வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் உங்கள் வண்டி தேறாமல் போனதற்குக் காரணம் அது இல்லை. இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்கிறேன்: பின்பக்க ஓட்டை இதுவரை உங்களுக்குச் சாதகமாகத்தான் இருந்திருக்கிறது. வால் குழாயில் விடும் உறிஞ்சு குழாய்க்கு முன்னால் ஓட்டை இருந்தால் புகையில் ஒரு பகுதி அங்கேயே வெளியேறிவிடும், வெளிக்காற்றும் கொஞ்சம் கலக்கும். மெஷின் அந்தக் கலப்படக் காற்றைத்தான் அளக்கிறது. 2.38 என்று காட்டியதன் உண்மை அளவு இன்னும் அதிகமாக இருக்கலாம். வெறும் சைலன்சரை மாற்றிவிட்டுத் திரும்பப் போனால் எண் கூடத்தான் செய்யும், குறையாது. பணமும் போய், மறுபடி ஃபெயில் சீட்டும் வந்தால் அண்ணாச்சி மேல்தான் கோபம் வரும்.

உங்கள் வண்டிக்கான வரம்பு என்ன என்று பார்த்துவிடுவோம். பி.எஸ். என்பது 'பாரத் ஸ்டேஜ்' என்ற புகை விதியின் படிநிலை. பி.எஸ்-2, பி.எஸ்-3 பெட்ரோல் கார்களுக்குக் கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 750 பி.பி.எம். பி.எஸ்-4 என்றால் 0.3, 200, கூடவே எஞ்சினை நிமிஷத்துக்கு 2,500 சுற்றில் வைத்து இன்னொரு சோதனையும் உண்டு. 2010 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களுக்கு மட்டும்தான் பி.எஸ்-4 வந்தது, மற்ற ஊர்களுக்கு 2017-இல்தான் கட்டாயமானது. ஆகவே 2011-இல் தூத்துக்குடியில் விற்ற கார் பி.எஸ்-3 ஆகவும் இருக்கலாம், பி.எஸ்-4 ஆகவும் இருக்கலாம். ஆர்.சி. விவரத்தை எம்-பரிவாகன் செயலியில் திறந்தால் எந்த பி.எஸ். என்று தெரியும். பி.எஸ்-3 என்றால் உங்கள் ஹைட்ரோகார்பன் 610 தேறிவிட்டது, தேறாதது கார்பன் மோனாக்சைடு மட்டும். இந்த வித்தியாசம் முக்கியம். ஹைட்ரோகார்பன் மட்டும் ஏறியிருந்தால் எரியாத பெட்ரோல் வெளியே வருகிறது, பிளக்கையோ காயிலையோ பார் என்று சொல்லியிருப்பேன். கார்பன் மோனாக்சைடு இந்த அளவுக்கு ஏறினால் அதன் பொருள் ஒன்றுதான்: காற்றுக்குத் தேவையானதைவிட அதிகமாகப் பெட்ரோல் போகிறது. பட்டறை பாஷையில் மிக்சர் ரிச்.

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். இந்தக் கணக்கை உங்கள் வண்டியின் கம்ப்யூட்டர் பல சென்சார்களைக் கேட்டுப் போடுகிறது. அவற்றில் நமக்கு இங்கே முக்கியமானவர்கள் இரண்டு பேர். எஞ்சின் சூடாகிவிட்டதா என்று கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாரைக் கேட்கும். போன முறை ஊற்றியது அதிகமா குறைவா என்று புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சாரைக் கேட்கும். இந்த இருவரில் யார் தப்பாகச் சொன்னாலும் கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றும். உங்கள் கடிதத்தைப் படித்தால் இருவருமே தப்பாகச் சொல்ல வாய்ப்பு இருக்கிறது. போகிற போக்கில் நீங்கள் எழுதிய இரண்டு வரிகளில்தான் விஷயமே இருக்கிறது.

போன கோடையில் கழற்றிய அந்த 'ஏதோ ஒரு வால்வு' தெர்மோஸ்டாட் வால்வாகத்தான் இருக்கும். நம் ஊர்ப் பட்டறைகளில் இது ஒரு பழைய பழக்கம். 'இதெல்லாம் குளிர் நாட்டுக்கு வைத்தது சார், நம்ம வெயிலுக்கு எதுக்கு' என்று சொல்லித் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அதோடு ஃபேனை நேரடியாக இக்னிஷனில் இணைத்துவிட்டால் சாவியைத் திருப்பியதிலிருந்து ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும். எஞ்சின் சூடாவதே இல்லை, வாடிக்கையாளரும் சந்தோஷமாகப் போய்விடுவார்.

ஆனால் எஞ்சின் சூடாக வேண்டும். தெர்மோஸ்டாட் 82 டிகிரி வாக்கில் திறக்கும். அதுவரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றவிட்டுச் சீக்கிரம் சூடேற்றுவதுதான் அதன் வேலை. அது இல்லாமல், ஃபேனும் ஓயாமல் ஓடினால், வெளியே 36 டிகிரி வெயில் அடித்தாலும் எஞ்சின் தண்ணீர் 60 டிகிரியைத் தாண்டத் திணறும். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அது இன்னும் ஆறிய எஞ்சின்தான். ஆறிய எஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல் ஊற்றுவது அதற்கு எழுதிவைத்த விதி, ஊற்றிக்கொண்டே இருக்கிறது. உங்கள் மைலேஜ் 17-லிருந்து 13-க்கு இறங்கியதும், 0.31 என்பது 2.38 ஆனதும் இந்த வேலைக்குப் பிறகுதான் என்பதைக் கவனியுங்கள். தவிர, ஆறிய எஞ்சினில் எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள்; பெட்ரோல் வாடை அடித்தால் சந்தேகமே வேண்டாம்.

இதை உறுதிசெய்யக் கருவி எதுவும் வேண்டாம், டேஷ்போர்டில் டெம்பரேச்சர் முள்ளைப் பார்த்தால் போதும். ஊருக்குள் சிக்னலில் நிற்கும்போது முள் ஓரளவு ஏறி, உப்பளங்களைத் தாண்டி திருச்செந்தூர் சாலையில் காற்றடித்து ஓடும்போது அடியில் போய்ப் படுத்துவிட்டால் தெர்மோஸ்டாட் இல்லை அல்லது திறந்தபடியே சிக்கிக்கொண்டது என்று வைத்துக்கொள்ளலாம். நல்ல தெர்மோஸ்டாட் உள்ள வண்டியில் முள் ஓர் இடத்தில் போய் நின்றால் நின்றதுதான்.

சரி, அப்படியானால் போன கோடையில் ஏன் சூடானது? அதற்கும் ஒரு காரணம் இருந்திருக்கும். அநேகமாக ஃபேன் ஸ்விட்ச் அல்லது ரிலே போயிருக்கும், இல்லையென்றால் ரேடியேட்டர் அடைத்திருக்கும். 15 வருஷ வண்டியில், போர் தண்ணீரை ஊற்றி ஊற்றி ரேடியேட்டருக்குள் உப்புப் படிவது தூத்துக்குடிப் பக்கம் சர்வசாதாரணம். தெர்மோஸ்டாட்டை மாட்டுவதற்கு முன் ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஃபேன் வயரிங்கைப் பழையபடி ஸ்விட்ச், ரிலே வழியாகக் கொண்டுவந்து, கலந்து விற்கும் கூலன்ட்டை ஊற்றச் சொல்லுங்கள். இதைச் செய்யாமல் வால்வை மட்டும் மாட்டினால் வண்டி மறுபடி சூடாகும், அண்ணாச்சியும் 'நான்தான் சொன்னேனே' என்பார்.

அப்படியே கூலன்ட் சென்சாரையும் பார்த்துவிடலாம். சாதாரண மல்டிமீட்டரில் ஓம்ஸ் வைத்து, கனெக்டரைக் கழற்றிவிட்டு அளந்தால் ஆறிய எஞ்சினில் 2,000 ஓம்ஸுக்குக் கொஞ்சம் முன்பின்னாகவும், 80 டிகிரியில் 300 ஓம்ஸ் அளவிலும் காட்ட வேண்டும். சூடான பிறகும் ஆயிரத்துக்கு மேலேயே நின்றால் சென்சாரே போய்விட்டது. விலை குறைவான சாமான், மாற்றிவிடுங்கள்.

அடுத்தது அந்த டிக் டிக். டேப்பெட் சத்தமும் இப்படித்தான் இருக்கும் என்பதால் அண்ணாச்சியைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களின் புகையை வாங்கிக் குழாய்க்கு அனுப்பும் வார்ப்பு) பேக்கிங் போயிருந்தாலோ வார்ப்பில் மயிரிழை விரிசல் விட்டிருந்தாலோ இதே சத்தம்தான் வரும், அதுவும் ஆறிய எஞ்சினில் மட்டும். சூடேறி இரும்பு விரிந்ததும் இடைவெளி மூடிக்கொண்டு சத்தம் நின்றுவிடும். உங்கள் வண்டியில் நடப்பது அச்சாக இதுதான்.

புகைதானே வெளியே போகிறது, அதனால் கார்பன் மோனாக்சைடு எப்படி ஏறும் என்று கேட்பீர்கள். புகை ஒரே சீராகப் போவதில்லை. மூன்று சிலிண்டர் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் ஒரு தள்ளு தள்ளும். ஒரு தள்ளுக்கும் அடுத்ததற்கும் நடுவே, முக்கியமாக ஐடிலிங்கில், குழாய்க்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைந்துபோகும். அந்த நொடியில் விரிசல் வழியாக வெளிக்காற்று உள்ளே போகிறது. அது அடுத்திருக்கும் ஆக்சிஜன் சென்சார் மேல் படும். சென்சார் என்ன நினைக்கும்? புகையில் ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறது, பெட்ரோல் போதவில்லை என்று சொல்லும். கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும். சென்சாருக்கு முன்னால் ஒரு சின்னக் கசிவு இருந்தாலே கார்பன் மோனாக்சைடை ஏற்ற அது போதும். சென்சாருக்குப் பின்னால் இருக்கும் பெரிய ஓட்டையால் சத்தமும் புகைக் கசிவும்தான் வரும், எண் ஏறாது. புகைக்குழாய் வேலையில் நான் முதலில் பார்ப்பது ஓட்டை எவ்வளவு பெரிது என்பதை அல்ல, சென்சாருக்கு எந்தப் பக்கம் என்பதைத்தான்.

கண்டுபிடிக்க ஓர் எளிய வழி. இரவு முழுக்க நின்ற வண்டியை, திறந்த வெளியில் வைத்து, காலையில் ஸ்டார்ட் செய்யுங்கள். ஒருவர் தடிமனான ஈரத்துணியால் வால் குழாயை இரண்டு, மூன்று நொடி மட்டும் அழுத்திப் பிடிக்கட்டும், கையுறை அவசியம். உங்கள் வண்டியில் பின்னால் ஓட்டை இருப்பதால் அதையும் தற்காலிகமாகத் துணி சுற்றித்தான் பிடிக்க வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் பானட்டைத் திறந்து மேனிஃபோல்டு பக்கம் காது கொடுத்தால் 'புஸ்' என்று கேட்கும். சோப்புத் தண்ணீர் தெளித்தால் நுரை கொப்பளிக்கும். எஞ்சின் ஆறியிருக்கும்போது ஹீட் ஷீல்டைக் கழற்றி டார்ச் அடித்தால், பேக்கிங் ஓரத்தில் கறுப்பாகப் புகைக்கரி தடவினாற்போல் ஒரு கோடு தெரியும். அந்தக் கோடு இருந்தால் வேறு சாட்சி தேவையில்லை.

பேக்கிங் மாற்றுவது பெரிய வேலை இல்லை, ஸ்டட் (மேனிஃபோல்டை எஞ்சின் ஹெட்டோடு பிடித்திருக்கும் திருகுக் கம்பி) முறிவதுதான் பெரிய வேலை. 15 வருஷமாக நெருப்பிலும் உப்புக் காற்றிலும் கிடந்த நட்டுகள். முந்தின நாளே துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஊறவிட்டு, நட்டைக் கழற்றும்போது கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி என்று பொறுமையாக வர வேண்டும். அவசரப்பட்டு நீளமான பைப்பை மாட்டித் திருகினால் ஸ்டட் ஹெட்டுக்குள்ளேயே முறியும். அதற்குப் பிறகு டிரில், டேப் என்று செலவு இழுத்துக்கொண்டே போகும். கழற்றியபின் மேனிஃபோல்டின் முகத்தை ஓர் ஸ்டீல் ஸ்கேல் வைத்து வளைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வளைந்திருந்தால் லேத்தில் கொடுத்து முகம் எடுக்காமல் புது பேக்கிங் போட்டும் பயனில்லை. கடையில் கிடைக்கும் சாதாரண சிலிகான் பேஸ்ட்டைப் பேக்கிங்கோடு சேர்த்துத் தடவ விடாதீர்கள். அதிலிருந்து வரும் ஆவி ஆக்சிஜன் சென்சாரைக் கெடுத்துவிடும். எம்-சீலும் இந்தச் சூட்டுக்கு ஆகாது என்று உங்களுக்கே தெரிந்துவிட்டது.

இந்த இரண்டு வேலையும் முடிந்ததும், ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், மூன்று பிளக் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். ஒரு வருஷமாக ரிச்சாக ஓடிய எஞ்சினின் பிளக் கரியாக இருக்கும். ஆயிலில் கலந்த பெட்ரோலும் சூடானதும் ஆவியாகி எஞ்சினுக்கே திரும்ப வரும், அதுவும் எண்ணைக் கூட்டும்.

பிறகு ஆக்சிஜன் சென்சார். வண்டி நன்றாகச் சூடானபின் அதன் சிக்னல் வயரில் வோல்ட் பார்த்தால் 0.1-க்கும் 0.9-க்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்க வேண்டும். 0.9 பக்கமே நின்றால் உண்மையிலேயே பெட்ரோல் அதிகம் போகிறது, சென்சார் சரியாகத்தான் சொல்கிறது; இன்ஜெக்டர் ஒழுகுகிறதா, பெட்ரோல் பிரஷர் அதிகமா என்று தேட வேண்டும். 0.1 பக்கமே நிற்கிறது, வால் குழாயில் மட்டும் கார்பன் மோனாக்சைடு அதிகம் என்றால் கசிவு இன்னும் இருக்கிறது அல்லது சென்சார் செத்துவிட்டது. சென்சார் மாற்றுவதானால் உங்கள் மாடலுக்கான பார்ட் நம்பர் பார்த்து வாங்குங்கள், யுனிவர்சல் என்று சொல்லி வயரை வெட்டி ஒட்டும் சரக்கு வேண்டாம்.

கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குக் கடைசியாக வருகிறேன், ஏனென்றால் நீங்களும் அதைக் கடைசியாகத்தான் தொட வேண்டும். உள்ளே தேன்கூடு மாதிரி ஒரு பீங்கான் கட்டி, அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. 250, 300 டிகிரிக்குச் சூடானபின்தான் அது வேலையே செய்ய ஆரம்பிக்கும். கார்பன் மோனாக்சைடை அது எரித்துக் கார்பன் டை ஆக்சைடாக மாற்ற ஆக்சிஜன் வேண்டும். ரிச்சாக ஓடும் எஞ்சினின் புகையில் ஆக்சிஜன் ஏறக்குறைய இருக்கவே இருக்காது. அதனால் 2 சதவீதத்துக்கு மேல் வரும் புகையைப் புத்தம்புதுக் கன்வெர்ட்டர் போட்டாலும் அது சுத்தம் செய்யாது. இந்த எண்ணை மட்டும் வைத்து உங்கள் கன்வெர்ட்டர் செத்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது.

எஞ்சின் சரியான பிறகு கன்வெர்ட்டருக்கு முன்னாலேயே கார்பன் மோனாக்சைடு 1 சதவீதத்துக்குக் கீழே வந்துவிடும். மிச்சத்தை இழுத்து 0.5-க்கு வெகு கீழே கொண்டுபோவதுதான் கன்வெர்ட்டரின் பங்கு. உள்ளே இருப்பதைத் தட்டி எடுத்துவிட்டால் அந்தப் பங்கைச் செய்ய ஆளில்லை. 'வண்டி ஃப்ரீயாகும்' என்பது கன்வெர்ட்டர் உருகி அடைத்திருந்தால் மட்டும் உண்மை. அப்படி அடைத்திருந்தால் மேட்டில் இழுவையே இருக்காது, நீங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை. சட்டப்படியும் அது வண்டியை மாற்றியமைத்த குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவில் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டும் சேர்த்தோ விதிக்க இடம் இருக்கிறது. பெட்டிக்குள் இருக்கும் உலோகத்துக்குப் பழைய இரும்புக் கடையில் நல்ல விலை என்பதையும் சொல்லிவைக்கிறேன். அண்ணாச்சி அதற்காகச் சொல்கிறார் என்று சொல்ல வரவில்லை. ஆனால் எந்தப் பட்டறையிலும் கன்வெர்ட்டரைக் கழற்றினால் பழசைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வண்டி ஆறியிருக்கும்போது கன்வெர்ட்டரை ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டிப் பார்க்கலாம். கலகலவென்று சத்தம் வந்தால் உள்ளே பீங்கான் உடைந்திருக்கிறது, மாற்றத்தான் வேண்டும். சத்தம் இல்லை, எஞ்சின் வேலைகளெல்லாம் முடித்தும் எண் 0.6, 0.7 என்று வரம்பை ஒட்டியே நிற்கிறது என்றால் கன்வெர்ட்டர் களைத்துவிட்டது. அப்போது வாங்குங்கள். மலிவான வெளிச்சரக்கில் விலையுயர்ந்த உலோகப் பூச்சு குறைவாக இருக்கும், இன்றைக்குத் தேறி அடுத்த சோதனையில் விழும்.

இனி சைலன்சர். அது ஏன் இப்படி ஓட்டை விழுந்தது என்றால் உப்புக் காற்று பாதி, உங்கள் 3 கிலோமீட்டர் ஓட்டம் பாதி. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நீண்ட தூரம் ஓடினால் அது ஆவியாகவே வெளியே போய்விடும். 3 கிலோமீட்டரில் பின்பக்க சைலன்சர் சூடாவதற்குள் ஆபீஸ் வந்துவிடும்; ஆவி உள்ளேயே தண்ணீராகி, புகையின் அமிலமும் சேர்ந்து, உள்ளிருந்து தகட்டைத் தின்னும். எஞ்சினே சரியாகச் சூடாகாமல் ஓடிய இந்த ஒரு வருஷத்தில் இது இன்னும் வேகமாக நடந்திருக்கும். சைலன்சர் பெட்டியின் அடியில், தாழ்வான இடத்தில், குண்டூசித் தலை அளவுக்கு ஒரு துளை இருக்கும். அது தண்ணீர் வடிவதற்காகக் கம்பெனியே போட்டது. புதுசு மாட்டும்போது 'ஓட்டையோடு வந்திருக்கு' என்று அதை வெல்டிங் வைத்து அடைத்துவிடுகிறவர்கள் உண்டு. பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டியின் தகடு விரல் வைத்து அழுத்தினால் அமுங்கும் நிலையில் இருந்தால் ஒட்டுப் போடுவது வீண், பெட்டியையே மாற்றுங்கள். குழாய் நன்றாக இருந்து இணைப்பில் மட்டும் விட்டிருந்தால் வெல்டிங் போதும். வெல்டிங் வைக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றச் சொல்லுங்கள், இல்லையென்றால் கம்ப்யூட்டர் போய்விடும் அபாயம் உண்டு. பெட்ரோல் டேங்கும் லைனும் பக்கத்திலேயே இருப்பதால் முடிந்தவரை சைலன்சரைக் கழற்றி வெளியே வைத்துத்தான் பற்றவைக்க வேண்டும். தொங்கவிடும் ரப்பர்களைப் புதிதாகப் போடுங்கள். வால் குழாயின் முனை பம்பருக்கு வெளியே நீண்டிருக்க வேண்டும். உள்ளே இழுத்து நின்றால் அம்மாவின் தலைவலி தொடரும். டிக்கி பீடிங்கையும், தரை விரிப்பைத் தூக்கித் தரைத்தகட்டையும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

காசு கொடுத்து வாங்கும் சான்று பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஆர்.சி. புதுப்பிக்க வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கொண்டுபோகத்தான் வேண்டும். சைலன்சர் உறுமலோடு போய் நின்றால் சீட்டில் என்ன எழுதியிருந்தாலும் ஆய்வாளர் நிறுத்தத்தான் செய்வார். மைலேஜில் ஒவ்வொரு லிட்டருக்கும் 4 கிலோமீட்டர் இழந்துகொண்டிருப்பதும் அந்தச் சான்றால் நிற்காது.

பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் ஆனதால்தான் இப்படி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் கார்பன் மோனாக்சைடு குறையத்தான் பார்க்கும். ஆனால் 2011 வண்டியின் பெட்ரோல் ஹோஸ்கள் அதற்காகச் செய்தவை அல்ல, வெடிப்பு விட்டிருக்கிறதா என்று இந்த வேலையோடு பார்த்துவிடச் சொல்லுங்கள். சோதனைக்கு முன் டேங்கில் ஊற்றச் சொல்லி விற்கும் பாட்டில்களுக்கும் 2.38-ஐ 0.5 ஆக்கும் சக்தி கிடையாது.

வேலை முடிந்து திரும்பச் சோதனைக்குப் போகும்போது ஆபீசிலிருந்து நேரே போகாதீர்கள். குறைந்தது 20 நிமிஷம் ஓட்டி, முள் நடுவில் நின்றபின், எஞ்சினை அணைக்காமல் கொண்டுபோய் நிறுத்துங்கள். முன்னால் நான்கு வண்டி வரிசையில் நின்றால் கன்வெர்ட்டர் ஆறிவிடும். உங்கள் முறை வருவதற்கு முன் ஒரு நிமிஷம் ஆக்சிலரேட்டரை 2,500 சுற்றில் பிடியுங்கள். ஏ.சி., ஹெட்லைட் அணைத்திருக்கட்டும். உறிஞ்சு குழாய் ஓர் அடி அளவுக்கு உள்ளே போக வேண்டும், வாயிலேயே தொங்கவிட்டால் அளவு தப்பு. சான்றில் கார்பன் டை ஆக்சைடும் ஆக்சிஜனும் அச்சாகாது, ஆனால் பல மெஷின்களின் திரையில் அவை தெரியும். அந்த இரண்டையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கார்பன் டை ஆக்சைடு 14-க்கு மேல், ஆக்சிஜன் 1-க்குக் கீழ் இருந்தால் குழாயில் கசிவு இல்லை, எண்ணை நம்பலாம். இவ்வளவுக்குப் பிறகும் தேறவில்லை என்றால் அந்த நான்கு எண்களையும், முள் எங்கே நின்றது என்பதையும் எழுதி அனுப்புங்கள், கன்வெர்ட்டர் வாங்குவதற்கு முன்.